ஆபீஸ் ஓட்டத்துக்கு டீசலா?

தினமும் ஆபீஸ் போய்வர டீசல் கார்தான் லாபம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; எழுதியவர் ஒரே போடாகப் போடுகிறார். நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்குச் சரி. சென்னை ஓஎம்ஆர் சாலை நெரிசலில் சோழிங்கநல்லூர் தாண்டி ஊர்ந்து போகிறவருக்கு?

கணக்குப் பாருங்கள். பெட்ரோல் 101 ரூபாய், 15 கி.மீ. மைலேஜ், டீசல் 92 ரூபாய், 20 கி.மீ. என்று வைத்தாலும் கிலோமீட்டருக்கு மிச்சம் இரண்டு ரூபாய் சொச்சம்தான். மாதம் 1,000 கி.மீ. ஓடினால் 2,100 ரூபாய். டீசல் மாடலுக்குக் கூடுதலாக ஒன்றரை லட்சம் கொடுத்தால், அதை எடுக்கவே ஆறு வருஷம் ஆகும். லோன் வட்டி தனி!

கட்டுரையில் டிபிஎஃப் பற்றி மூச்சே இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கப் பொருத்தும் ஃபில்டர் அது. சைலன்சர் பக்கம் நன்றாகச் சூடேறினால்தான் சேர்ந்த கரி எரியும். முதல் கியர், இரண்டாம் கியரிலேயே ஓட்டினால் அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும். எங்கள் அபார்ட்மெண்டில் ஒருவர் அந்த விளக்கை அணைக்கவே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆர் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரம் வரை போய்வருகிறார். மிச்சம் பிடித்த டீசல் அங்கேயே போச்சு.

மாருதி 2020லேயே டீசலை விட்டுவிட்டது. அதையாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். வாரம் தவறாமல் சேலம், மதுரை என்று ஓடுபவர்கள் தாராளமாக டீசல் எடுக்கலாம்.