மத்தியச் சட்டம் வந்தாலே மாநிலச் சட்டம் காலியா?

‘பொதுப் பட்டியலில் (நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய துறைகளின் பட்டியல்) உள்ள விஷயத்தில் நாடாளுமன்றம் சட்டம் போட்டால், மாநிலச் சட்டம் முழுக்கச் செல்லாது’ என்று ஒரு தகவல் பரவுகிறது. இது தவறு.

அரசமைப்புச் சட்டப் பிரிவு 254(1)-இன்படி, மத்தியச் சட்டத்தோடு முரண்படும் பகுதி மட்டுமே செல்லாது; மற்றவை நிற்கும். முரண்பாடு இருந்தாலும் வழி உண்டு. மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஆளுநர் ஒதுக்கி வைத்து, ஒப்புதலும் கிடைத்துவிட்டால், 254(2)-இன்படி அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே மேலோங்கும். ஆளுநரின் கையெழுத்து மட்டும் இதற்குப் போதாது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஜல்லிக்கட்டு இப்படித்தான் தப்பியது. 1960-ஆம் ஆண்டின் மத்திய மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 2017-இல் கொண்டுவந்த திருத்தம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

ஆனால் இது நிரந்தரக் கவசம் அல்ல: நாடாளுமன்றம் பிறகு புதுச் சட்டம் இயற்றி அந்த மாநிலச் சட்டத்தை மாற்றலாம், நீக்கவும் செய்யலாம்.