மெடிக்கிட் வேண்டாம், ராசாமாரே

நேற்று இரவும் அதே கூத்து. முன்பின் தெரியாத நாலு பேரை ஒன்றாகக் கட்டித் தீவில் தள்ளிவிட்டுச் சுடவிடுகிற இணைய வீடியோ விளையாட்டு. எது என்று சொல்லத் தேவையில்லை, நீங்களும் அங்கேதான் கிடக்கிறீர்கள். கூட வந்த மூன்று பெடியன்களும் யாழ்ப்பாணம், கதையிலேயே தெரிந்தது. மைக்கை மூடி வைத்திருந்த வரைக்கும் நான் "மச்சான்". "என்ன அடியடா மச்சான்! ஸ்னைப்பரை நீயே வைச்சிரு." தூரத்தில் நின்று சுடுகிற துவக்கு எனக்கே. சரி, காது குளிர்ந்தது.

பிறகு ஒருத்தன் பின்பக்கமாக ஏறி வந்தான். மைக்கைத் திறந்து, "பின்னால ஆள் வாறான், கவனம்" என்றேன். அவ்வளவுதான்.

ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "டேய், பெட்டையடா!" நன்றி ராசா, எனக்கும் இப்போதுதான் தெரியும். "அக்கா, எந்த இடம்?" தலைக்கு மேலே வெடி பறக்கிறது, இவருக்கு இடம் வேண்டும். நான் பேசவில்லை. "கொக்குவிலோ? குரல் கொக்குவில் மாதிரிக் கிடக்கு." கொக்குவிலுக்கென்று ஒரு குரலாம்! விட்டால் ஆற்றை மகள், எந்தப் பள்ளிக்கூடம், சாதகம் கிடக்கோ என்றும் கேட்டிருப்பான். "டேய், அக்காவுக்கு மெடிக்கிட் குடுங்கோடா." காயத்துக்குப் போடுகிற மருந்துப் பெட்டி அது, என் பை நிறைய அதுதான். "அக்கா, நீங்கள் வீட்டுக்குள்ள இருங்கோ, நாங்கள் பாக்கிறம்."

பார்த்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் மூன்று பேரும் தரையில். ஊர்ந்து போய் ஒவ்வொருத்தராகத் தூக்கிவிட்டது யார்? வீட்டுக்குள் இருக்கவேண்டிய அக்கா. அதற்குக் கைம்மாறு, "நம்பர் தாங்கோ." தரமாட்டேன் என்றதும் வந்த சொற்களை இங்கே எழுதமாட்டேன், அம்மாவும் வாசிப்பா. அடுத்து நான் அடிபட்டு விழுந்தபோது ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை.

இவன்களை மட்டும் திட்டி என்ன? வளர்த்த இடம், அதுதான் இந்த வீடியோ விளையாட்டுகள், அப்படி. 2013இல் வந்த ஜிடிஏ 5 என்ற விளையாட்டின் கதையில் நாயகர்கள் மூன்று பேர், மூன்றும் ஆம்பிளைகள். பெண்கள் தெருவில் நிற்கவும் கிளப்பில் ஆடவும் சுட்டால் விழவும். அதே ஆண்டு வந்த டூம்ப் ரைடர் விளையாட்டில் நாயகியே பெண்தான், வாழ்க! ஆற்றில் சறுக்கினால் அவள் தொண்டையில் கம்பு ஏறித் துடிப்பதை ஆற அமர நின்று காட்டுவார்கள்.

2014இல் யுபிசொஃப்ட் என்ற விளையாட்டுக் கொம்பனி அடித்தது இன்னும் பெரிய பகிடி. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அசாசின்ஸ் கிரீட் யூனிட்டியில் ஏன் பெண்ணாக ஆட முடியாது என்று கேட்டால், அசைவு, குரல், உடுப்பு எல்லாம் இரட்டிப்பு வேலையாம். ஐயா, அதே புரட்சியில் 1793இல் புரட்சித் தலைவர்களில் ஒருவரான மாராவைக் கொன்ற சார்லொட் கோர்டே யார்? ஒரு சமையல் கத்தியோடு தனியாகப் போய் வேலையை முடித்துவிட்டு வந்தவள்... இல்லை, வரவில்லை, தலையை வெட்டிவிட்டார்கள்.

பிறகு ஹொரைசன் என்ற விளையாட்டின் நாயகி ஏலோயின் கன்னத்தில் பூமயிர் தெரிகிறதென்று ஒரு கூட்டம் ஒப்பாரி வைத்தது. இரும்பில் செய்த மிருகம் காட்டில் திரிவதை நம்புவார்கள். பெண்ணுக்குக் கன்னத்தில் மயிர் முளைக்கும் என்றால் நம்ப மாட்டார்கள். அம்மாவின் கன்னத்தைக்கூடக் கிட்ட நின்று பார்க்காத பிறவிகள்.

இன்று காலை பார்த்தால் அந்த மூவரில் ஒருவனிடமிருந்து நட்புக் கோரிக்கை. "அக்கா சொறி. இரவைக்கு வாறீங்களோ? ஸ்னைப்பர் அடிக்க ஆளில்லை." சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது.