உச்ச நீதிமன்றத்தின் ஒரு அமர்வு தெற்கே வரவேண்டும்

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கில் தோற்றுப்போன கட்சிக்காரர் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: “டெல்லிக்குப் போகலாமா சார்?” போகலாம். அரசியல் சாசனத்தின் 136-வது பிரிவில், மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனுவை உச்ச நீதிமன்றத்தில் போட 90 நாள் அவகாசம் உண்டு. ஆனால் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடுகிறது.

முதலில் மொழிபெயர்ப்பு. கிரயப் பத்திரம், அடங்கல் என்ற நிலச் சாகுபடிக் கணக்கு, சாட்சி கூண்டில் ஏறித் தமிழில் சொன்னது எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறவேண்டும். அப்புறம் டெல்லியில் ஒரு ஏஓஆரை (அட்வகேட் ஆன் ரெக்கார்டு) பிடிக்கவேண்டும். கட்சிக்காரரே நேரில் நடத்தினால் ஒழிய, தனித் தேர்வு எழுதிப் பதிவு செய்துகொண்ட இந்த வக்கீல்கள்தான் அங்கே மனுத் தாக்கல் செய்யமுடியும். நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அவர்களுக்கு அலுவலகம் இருக்கவேண்டும் என்பது விதி. வாதாட சீனியர் வக்கீல் வைத்தால் அந்தச் செலவு தனிக் கணக்கு.

இத்தனையும் செய்து பட்டியலில் வந்தால், புது மனு மீதான விசாரணை பெரும்பாலும் சில நிமிடம்தான். நீதிபதிகள் வழக்குக் கட்டை முன்னமே படித்துவிட்டு வந்திருப்பார்கள். நம் வக்கீல் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள், “கீழே எல்லாக் கோர்ட்டும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறதே, நாங்கள் ஏன் தலையிடவேண்டும்?” என்று கேள்வி வரும். அந்த நொடியில் பதில் வாயில் இருக்கவேண்டும். எந்தச் சாட்சியத்தை, எந்தப் பக்கத்தில், கீழ்க்கோர்ட் பார்க்காமல் விட்டது என்று சொல்லவேண்டும். தடுமாறினால் ‘டிஸ்மிஸ்ட்’. அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். பத்து வருட வழக்கு அதோடு முடிந்தது. அந்தப் பதில் தெரிந்தவர் மேலூர் முன்சீப் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்த வக்கீல். அவர் அங்கே இருப்பதே இல்லை.

காணொளியில் ஆஜராகலாமே என்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனாலும் தாக்கல் முதல் எல்லாவற்றுக்கும் டெல்லி அலுவலகத்தைத்தான் நம்பியிருக்கவேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று தெற்கே வர அரசியல் சாசனத் திருத்தம்கூட வேண்டாம். குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தலைமை நீதிபதி வேறு ஊரிலும் அமர்வை நடத்தலாம் என்று 130-வது பிரிவு சொல்கிறது. தென் மாநிலங்களுக்கு ஒன்று உட்பட நான்கு மேல்முறையீட்டு அமர்வுகளை 2009-லேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. நீதிமன்றத்தின் ஒருமை குலைந்துவிடும் என்பது எதிர்வாதம். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்ததால் சென்னை உயர் நீதிமன்றம் உடைந்தா போயிற்று? நாகர்கோவில்காரர் காலையில் பஸ் ஏறி வந்து, தன் வழக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறார்.

அரசியல் சாசன வழக்குகள் டெல்லியிலேயே இருக்கட்டும். சிவில், கிரிமினல் மேல்முறையீடுகளுக்காவது ஒரு அமர்வு தாருங்கள். சென்னையில் வேண்டாம், ஹைதராபாத்தில்தான் என்றாலும் சம்மதம்.