சிவப்பாக இருந்தால் அது பழமா?

ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக்கை, அதாவது மெத்து ரொட்டியோடு ஸ்ட்ராபெரியும் க்ரீமும் சேர்த்துச் சாப்பிடும் அமெரிக்க இனிப்பை, வீட்டிலேயே சுலபமாகச் செய்யலாம் என்று எழுதுகிறவர்கள், ஒழுங்காகப் பழுத்த ஸ்ட்ராபெரிக்கு எங்கே போவது என்று மட்டும் எழுதுவதில்லை. என் கோபமெல்லாம் அங்கேதான். மாவு, வெண்ணெய், க்ரீம், சர்க்கரை, பழம். அந்தப் பண்டத்தில் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். குறையை மூடி மறைக்க ஏலக்காயோ முந்திரியோ கிடையாது. பழம் சப்பென்று இருந்தால் மொத்தமும் சப்பென்றுதான் இருக்கும்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். பிப்ரவரியில் பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதும் கடைக்குள் நுழைந்ததும் ஸ்ட்ராபெரி டப்பாக்கள்தான் வரவேற்கும். பளபளவென்று, ஒவ்வொன்றும் உள்ளங்கையில் பாதி இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து நறுக்கினால் காம்புப் பக்கம் வெள்ளை, உள்ளேயும் வெள்ளை, சிலதில் நடுவே பொந்து. வாயில் போட்டால் தண்ணீர், கொஞ்சம் புளிப்பு. வாசனை என்ற ஒன்று அறவே இல்லை. இதற்கு நாலைந்து டாலர்!

மாங்காயைப் பறித்து வைக்கோலில் போட்டுப் பழுக்க வைத்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். அதனால் நம் ஆட்களே, “ரெண்டு நாள் வெளியே வெச்சா பழுத்துடும்” என்று ஆறுதல் சொல்கிறார்கள். பழுக்காது! மாம்பழமும் வாழைப்பழமும் பறித்த பிறகு இனிக்கும்; ஸ்ட்ராபெரி அந்த வகையே இல்லை. செடியை விட்டு வந்த நிமிடத்தோடு அதில் இனிப்பு ஏறுவது நின்றுவிடும். நிறம் மட்டும் போகப் போகக் கூடும். சிவப்பு ஏறும், இனிப்பு ஏறாது. நம் கண்ணை ஏமாற்ற இதைவிட வசதியான பழம் வேறு எது?

அமெரிக்க வேளாண் துறையின் விதியைப் பாருங்கள். முதல் தரம் என்று சொல்லிக்கொள்ள, பழத்தின் மேற்பரப்பில் முக்கால் பங்காவது இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ இருக்க வேண்டும். கெட்டியாக இருக்க வேண்டும், அடிபட்டிருக்கக் கூடாது, அழுகியிருக்கக் கூடாது. எல்லாம் சரி. இனிக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. இந்த நாட்டு ஸ்ட்ராபெரியில் பெரும்பகுதி கலிஃபோர்னியாவில் விளைகிறது. வாட்சன்வில், சாண்டா மரியா, ஆக்ஸ்னார்ட் பக்கம். குளிர்காலத்தில் ஃபுளோரிடாவின் பிளான்ட் சிட்டி பக்கத்திலிருந்தும் வரும். கலிஃபோர்னியாவிலிருந்து எங்கள் கடைக்கு ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர். அத்தனை தூரம் லாரியில் நசுங்காமல் வரவேண்டும் என்றால் கெட்டியான ரகத்தைத்தான் நடுவார்கள், முழுசாகப் பழுக்கும் முன்பே பறித்தும் விடுவார்கள். குனிந்த முதுகு நிமிராமல் வரப்பில் பறிக்கிற தொழிலாளர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் படும் பாட்டுக்குக் கிடைக்கும் கூலியை நினைத்தால் அது தனிக் கோபம். எப்போது பறிப்பது என்று முடிவெடுப்பது அவர்கள் இல்லையே.

இதற்குச் சமையல் குறிப்புக்காரர்கள் சொல்லும் மருந்து, “சர்க்கரை தூவி அரை மணி நேரம் ஊற விடுங்கள்.” நல்ல பழத்துக்கு அது அருமையான வேலை. சர்க்கரை பழத்திலிருந்து சாற்றை இழுத்துவிடும், அந்தச் சாறுதான் ஷார்ட்கேக்கின் உயிர். வெள்ளைப் பழத்தில் என்ன சாற்றை இழுக்கும்? சர்க்கரைத் தண்ணீர்தான் தேங்கும். இனிப்பைக் கொட்டலாம், வாசனையை எந்தப் பொட்டலத்திலிருந்து கொட்டுவது?

அந்தக் குறிப்புகளின் லட்சணம் இன்னொன்று. “மாவு 2 கப்.” எந்தக் கப்? டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் ஒரு கப் மாவு 150 கிராம் வரும். ஸ்பூனால் மெதுவாகப் போட்டுத் தட்டினால் 120 கிராம். இரண்டு கப்புக்கு 60 கிராம் வித்தியாசம். ஷார்ட்கேக் கட்டியாக வறண்டு போக அது தாராளமாகப் போதும். தராசு ஒன்றும் தங்க விலை இல்லை, கிராமில் எழுத என்ன கஷ்டம்? “தயாரிப்பு நேரம் 10 நிமிடம்” என்று வேறு போடுகிறார்கள். வெண்ணெய் ஜில்லென்று இருக்கவேண்டும், மாவில் பட்டாணி அளவுக்கு உதிர்க்கவேண்டும், சமையலறை சூட்டில் இளகினால் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும், அடுப்பு 220 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகவேண்டும். இதில் எது 10 நிமிடம்? உழைப்பைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அதை மறைப்பதுதான் பிடிக்கவில்லை.

இத்தனையும் எதற்கு, இந்தா என்று கடையில் ஸ்ட்ராபெரி பக்கத்திலேயே நடுவில் குழி வைத்த மஞ்சள் ஸ்பாஞ்ச் கிண்ணங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பழைய ஷார்ட்கேக் ஸ்பாஞ்ச் இல்லை. வெண்ணெய் உதிர்த்துச் செய்த பிஸ்கட், இங்கே பிஸ்கட் என்றால் சுடச்சுட அடுப்பிலிருந்து எடுக்கும் அந்த மெத்து ரொட்டி. லேசாக உப்புக் கரிக்கும், மேலே மொறுமொறுப்பாக இருக்கும். பழச்சாறு இறங்கினாலும் பொலபொலவென்று நிற்கும். ஸ்பாஞ்ச் அப்படியே ஊறிக் கூழாகிவிடும். மேலே போட டப்பாவில் வெள்ளையாக ஒன்று விற்கிறார்கள். பின்பக்கம் திருப்பிப் படித்தால் தண்ணீர், சோளச் சிரப், எண்ணெய். 36 சதவீதம் கொழுப்புள்ள க்ரீம் அதே கடையில் பால் பக்கத்திலேயே இருக்கிறது. ஜில்லென்ற பாத்திரத்தில் ஊற்றி ஐந்து நிமிடம் அடித்தால் வேலை முடிந்தது.

நல்ல ஸ்ட்ராபெரி உலகத்திலேயே இல்லை என்றால் நான் இவ்வளவு பேசமாட்டேன். ஜூன் மாதம் இங்கே பண்ணைகளில் நாமே போய்ப் பறிக்கலாம். எர்லிகுளோ என்று ஒரு ரகம், சின்னதாக இருக்கும். கிட்டே போனாலே மணக்கும், அறுத்தால் உள்ளே வரைக்கும் சிவப்பு. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் நாலு நாள் தாங்குவது கஷ்டம். அதனாலேயே லாரிக்காரர்களுக்கு அது வேண்டாத பிள்ளை. சில வாரங்கள்தான் சீசன். பண்ணைக்குப் போக வண்டி இல்லாதவர்கள், சனி ஞாயிறும் வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? வருஷம் முழுக்க அந்தச் சிவப்புத் தண்ணீரைத் தின்றுவிட்டு, ஸ்ட்ராபெரி என்றால் இதுதான் என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பலருக்கு அதுதான் நடக்கிறது. எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

ஆப்பிள் வைத்திருக்கும் பக்கம் போய்ப் பாருங்கள். காலா, ஃபூஜி, ஹனிகிரிஸ்ப், கிரானி ஸ்மித் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர்ப் பலகை. பிடித்ததை எடுக்கலாம், பிடிக்காததை அடுத்த முறை தவிர்க்கலாம். ஸ்ட்ராபெரி டப்பாவில் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், ரகத்தின் பெயரைப் பெரும்பாலும் காணவே முடியாது. எங்கள் பக்கத்துக் கடையில் கேட்டேன். “எல்லாம் ஸ்ட்ராபெரிதானே” என்றார் மேனேஜர். இல்லை சார், எல்லாம் ஒன்று இல்லை. என்ன ரகம், என்றைக்குப் பறித்தது, இந்த இரண்டையும் டப்பா மேல் அச்சடியுங்கள். ஒரு டாலர் கூட வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறேன்.