ஒரு வாழைப்பழத்துக்கு எத்தனை பதில்?

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கிறேன். ஒன்று, எனக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்த அன்று மருத்துவமனையில் கொடுத்தது. இன்னொன்று, இரண்டு வாரம் கழித்து அதே மருத்துவமனையில், அதே மாடியில், பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த உணவு ஆலோசகர் கொடுத்தது. முதல் தாளில் ‘தவிர்க்க வேண்டியவை’ என்ற தலைப்புக்குக் கீழே மூன்றாவது வரி, வாழைப்பழம். இரண்டாவது தாளில் ‘அளவோடு சாப்பிடலாம்’ என்ற தலைப்புக்குக் கீழே அதே வாழைப்பழம், கூடவே சிரிக்கிற மூஞ்சி ஒன்று. வேண்டுமென்றேதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். தினமும் பார்த்துப் பல்லைக் கடிப்பதற்கு.

நாலு மாதம் ஆகிறது. ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 8.1. 6.5 தொட்டாலே சர்க்கரை நோய்தான் என்பதால் எனக்குச் சந்தேகத்தின் பலன்கூடக் கிடைக்கவில்லை. டாக்டர் என்னிடம் பேசியது நாலு நிமிடம் இருக்கும், அதிலும் முக்கால்வாசி கம்ப்யூட்டரைப் பார்த்து. “இனிப்பை நிறுத்துங்க, மாவுச்சத்தைக் குறைங்க, தினமும் நடங்க.” சரி, குறைப்பது என்றால் எவ்வளவு? பாதியா, காலா, அடியோடா? கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு விட்ட கேள்விக்கு ஊரே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அக்கா மூன்று வேளையும் ஓட்ஸ் என்கிறாள். அலுவலக நண்பன், ஓட்ஸா, அது விஷம், முட்டையும் வெண்ணெயும் மட்டும் சாப்பிடு என்கிறான். தேன் இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்கிறார் சித்தப்பா. தேனில் இருப்பதும் பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான் சித்தப்பா, பூவிலிருந்து வந்ததென்று என் ரத்தத்துக்குத் தெரியாது. வீடியோவில் ஒரு டாக்டர் ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடச் சொல்கிறார். அடுத்த வீடியோவில் இன்னொருவர், எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு மீதி 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போடச் சொல்கிறார். எட்டு மணி நேரத்துக்குள் ஆறு வேளை சாப்பிட்டால் இரண்டு பேரும் சமாதானமாகிவிடுவார்களோ என்னவோ.

சிரிப்பு வருகிற விஷயம் இல்லை இது. இத்தனை பேரில் ஒருவர்கூட, “நீ என்ன மாத்திரை போடுகிறாய்?” என்று கேட்கவில்லை. நான் போடுவது மெட்ஃபார்மின். அதை மட்டும் போடுகிறவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை தாழ்ந்துபோகிற பயம் குறைவு. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அப்படிப் பட்டினி கிடந்தால் 70க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, மயங்கியே விழலாம். அந்த வீடியோவை இரண்டு பேரும்தானே பார்க்கிறார்கள்? இதை ஒரு வரி சொல்வதற்குள் அவர் வாய் வலிக்குமா?

கோபத்தில் கொஞ்சம் பழைய கதையும் தோண்டிப் பார்த்தேன். 1900களின் தொடக்கத்தில் கார்ல் வான் நூர்டன் என்ற மருத்துவர் ஓட்ஸ் வைத்தியம் செய்திருக்கிறார். அக்கா கட்சி. அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் நோயாளிகளைப் பட்டினி போட்டிருக்கிறார். 1921இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் வரை கையில் வேறு மருந்து கிடையாது, அதனால் அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் வால்டர் கெம்ப்னர் என்று ஒருவர், சிறுநீரகக் கோளாறுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வைத்திருந்த சோறும் பழமும் சர்க்கரையும் கொண்ட உணவுமுறையைச் சர்க்கரை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்! இத்தனைக்கும் பிறகு 2019இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே உணவுமுறை கிடையாது என்று எழுதிவைத்தது. அப்படியென்றால் என் ஃபிரிட்ஜில் தொங்கும் இந்த இரண்டு ஜெராக்ஸ் தாள்களும் யாருக்காக அச்சடித்தவை?

நண்பனிடம் இதைச் சொன்னால், “பிரிட்டன்ல சூப் குடிச்சே சர்க்கரையை ஓட்டிட்டாங்களாமே” என்கிறான். உண்மைதான், 2017இல் வெளிவந்த டைரக்ட் ஆய்வு. தினம் 850 கலோரி அளவுக்கு சூப்பும் ஷேக்கும், மூன்றிலிருந்து ஐந்து மாதம். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. ஆனால் கண்காணிக்க ஆள் இருந்தார்கள், மாத்திரையை நிறுத்தியது மருத்துவக் குழு, இரண்டாம் ஆண்டில் அந்த 46 என்பது 36 ஆனது. நண்பன் காதில் விழுந்தது ‘சூப்’ என்ற ஒரு சொல் மட்டும்.

கடைசியில் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கினேன். அதற்கும் இரண்டு பதில், தெரியுமா? முதல் அறையில், “மெட்ஃபார்மின் மட்டும்தானே, அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டாம்.” பக்கத்து அறையில், “கட்டாயம் பாருங்க.” பார்த்தேன். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை ஸ்டிரிப்பில் வைத்து, ஐந்து விநாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு. எல்லோரும் கொண்டாடிய ஓட்ஸ், ஒரு கிண்ணம், இரண்டு மணி நேரம் கழித்து 206. எல்லோரும் மிரட்டிய சோறு, ஒரு சின்னக் கரண்டி, முதலில் காய்கறியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு, 151. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடியும் செய்தேன். கிட்டத்தட்ட அதே எண்கள்.

பிறகுதான் தெரிந்தது, 2015இலேயே இஸ்ரேலில் 800 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரே உணவு ஆளுக்கு ஆள் வேறு வேறு அளவில் சர்க்கரையை ஏற்றுகிறது என்று கண்டிருக்கிறார்கள். முதல் நாளே, “ஆளுக்கு ஆள் மாறும், இப்படி இப்படிச் சோதித்துப் பாருங்க” என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? நாலு மாதமாக ஒவ்வொரு தட்டையும் குற்றவாளிக் கூண்டு மாதிரி பார்த்திருக்கிறேன்!

போன வாரம் வாழைப்பழத்தையும் சோதித்தேன். சோற்றுக்கு மேல் முழுப்பழம்: 198. சாயங்காலம் தனியாகப் பாதிப் பழம், கூட நாலு பாதாம்: 142. என் கையெழுத்தில் எழுதி மூன்றாவது தாளாக ஒட்டியிருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை மூன்றையும் பிய்த்துக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வரிசையாக வைக்கப்போகிறேன். எந்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதாக இல்லை.