மஞ்சள் தாளில் எழுதுங்கள், ஐயா

இன்று காலை நில ஆய்வுக் கூட்டத்துக்கு மறுபடியும் அழைப்பு வந்திருக்கிறது. "உங்கள் மேலான உள்ளூர் அனுபவத்தை அறிய விரும்புகிறோம்." போன தடவை அறிந்துகொண்டதை என்ன செய்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், மகராசர்களே!

சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நாலு பாத்தி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2005-ல் சமூகத் தோட்டத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து வெண்டையும் கத்தரியும் போட்டு வருகிறோம்; வந்து போகிறவர்களையும் பார்த்து வருகிறோம். கழுத்தில் அட்டை, கையில் மடிக்கணினி, முடிந்ததும் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு படம்.

போன தடவை சமூக மன்றத்தில் கூட்டம். பல நாடுகள் சேர்ந்து செய்யும் நில மேலாண்மை ஆய்வாம், மண்ணைத் தொடுகிற மக்கள் இல்லாமல் நடக்காதாம். பேச்சாளர் இந்தோனேசியாவின் மத்தியக் கலிமந்தானில் தொடங்கினார். 1990களில் சுகார்த்தோ அரசு பத்து லட்சம் ஹெக்டேரில் நெல் விளைவிக்கப் புறப்பட்டு, சதுப்புக் காடுகளில் கால்வாய் வெட்டி நீரை வடித்தது. நெல் தேறவில்லை. காய்ந்த நிலம் 1997-ல் பற்றி எரிந்தது, புகைமூட்டம் நம் சன்னல் வரை வந்தது. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தயாக் மக்களை யாரும் கேட்கவில்லை என்று மனிதர் மனமுருகிச் சொன்னார்.

அடுத்து ஓர் ஏணிப் படம். 1969-ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி வகுத்த எட்டுப் படிகள். மக்களை ஏய்ப்பது அடிப்படி, அதிகாரத்தை மக்களே கையில் வைத்திருப்பது உச்சிப்படி. "நம் திட்டம் ஆறாம் படியில், சம பங்காளிகளாக இருக்கிறது," என்றார். கைதட்டல். கீழிருந்து இரண்டாம் படிக்கு ‘சிகிச்சை’ என்று பெயர்; குறை சொல்ல வந்தவனுக்கே வைத்தியம் பார்த்து அனுப்புவது. அதைப் படித்ததுமே எங்கள் இருக்கை எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு வரைபடத்தைக் காட்டி, மண் ஈரத்தை அளக்கும் கருவி வடிகால் ஓரம் வரும் என்றார்கள். நான் எழுந்தேன். "அங்கே வேண்டாம். புல் வெட்ட இயந்திரத்தோடு ஆள் வருவார், கம்பி அறுந்துவிடும்."

"மிக அருமையான கருத்து! மஞ்சள் தாளில் எழுதுங்கள், ஐயா."

எழுதினேன். ஒட்டுத்தாளில் மூன்று சொல்தான் எழுத வேண்டுமாம். ‘புல், இயந்திரம், கம்பி’ என்று எழுதிக் கொடுத்தேன். அதைச் ‘சவால்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஒட்டினார்கள். பிறகு ‘பராமரிப்பு’ என்ற வட்டத்துக்குள் மாற்றினார்கள். அப்புறம் வாக்கெடுப்பு: ஆளுக்குக் கொஞ்சம் சிவப்புப் பொட்டு. என் தாளுக்கு நானும் மலாய்க்கார மக்சிக் (அத்தை வயதுப் பெண்மணி) ஒருவரும் மட்டும் பொட்டு வைத்தோம். ‘நல்லிணக்கம்’ என்ற தாள் அமோகமாக வென்றது. கருவியை எங்கே நட்டார்கள்? வடிகால் ஓரத்தில்!

புல் வெட்டும் தம்பி அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். கண்மாய்ப் பாசன நிலத்தில் வளர்ந்தவர், ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவார். வாராவாரம் இந்த மண்ணை மிதிப்பவர் அவர்தான். அவரைக் கூட்டத்துக்கு யாரும் அழைக்கவில்லை. கம்பி அறுந்த அன்று கையில் துண்டோடு வந்து, "அண்ணே, இது கிடப்பதாக என்னிடம் யாரும் சொல்லவில்லையே," என்று கலங்கி நின்றார். அவரைத் தேற்றி அனுப்பினேன். மேற்படி சிகிச்சையை நானே செய்தேன் என்று வையுங்கள்.

அறிக்கை வந்தது. அட்டையில் என் படம், வாயைத் திறந்தபடி. உள்ளே: "எதிர்பாராத உள்ளூர்க் காரணங்களால் தரவு இழப்பு." எதிர்பாராத! எழுதிக் கொடுத்தேனே, ஐயா, மஞ்சள் தாளில்! இப்போது அந்த எதிர்பாராத காரணத்தை ஆராயத்தான் புதுக் கூட்டமாம். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

அது கிடக்கட்டும். எங்கள் புளோக்கில் கறிவேப்பிலையைக் கிளையோடு முறித்துப் போகிறவர் யார்? இரண்டு கொத்துக் கிள்ளினால் ரசத்துக்குப் போதாதா? நேற்று மரத்தில் பாதியைக் காணோம்!