சாவி கொடுத்தால் ஓடுவதற்கு அவன் என்ன கடிகாரமா?

அந்த பஸ் ஸ்டாண்ட் வீடியோவை நேற்றிலிருந்து பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். வலிப்பு வந்து கிடக்கிற பையனின் கையில் ஒருவர் சாவிக்கொத்தைத் திணிக்கிறார், இன்னொருவர் காலை அமுக்கிப் பிடிக்கிறார், கீழே "மனிதம் சாகவில்லை" என்று ஒரே கைதட்டல். அவனை ஒருக்களித்துப் படுக்கவைக்க ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. ஒருத்தருக்குக்கூட.

இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூளை நரம்பணுக்கள் கட்டுமீறி ஒரே நேரத்தில் மின்சாரம் பாய்ச்சுவதால் வருவது அது, பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். நீங்கள் பாக்கெட்டைத் துழாவி சாவியை எடுப்பதற்குள் அது அடங்கும் நேரம் வந்துவிடுகிறது, பேர் மட்டும் சாவிக்கு. வெண்டைக்காயைக் கொடுத்திருந்தாலும் நின்றிருக்கும்.

"நல்ல மனசோடுதானே செய்தார்கள்" என்பீர்கள். சரி, என் அம்மாவைவிட நல்ல மனசா? தம்பிக்கு முதல்முறை வந்தபோது வயது பதின்மூன்று. நாக்கைக் கடித்துக்கொள்வானே என்று பதறி, எவர்சில்வர் கரண்டிக் காம்பைப் பல்லுக்கு நடுவே நுழைத்தார். முன்பல் பாதி போனது. இன்றைக்கும் அவன் வாய்விட்டுச் சிரித்தால் அம்மா வேறு பக்கம் பார்ப்பார்.

"படிக்காத ஜனம் அப்படித்தான்" என்று கமெண்டில் வந்த மேதாவிகளே, படித்தவர்கள் லட்சணத்தையும் கேளுங்கள். தம்பியைக் கொண்டுபோனபோது அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் முதலில் கேட்டது "சரக்கு அடிப்பானா?" என்று. இன்னொருவர் இஇஜி (மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் டெஸ்ட்) நார்மல், அதனால் இவன் நடிக்கிறான் என்றார். வலிப்பு உள்ளவர்களுக்கும் இஇஜி நார்மலாக வரலாம் என்பது பி.காம். படித்த எனக்கே தெரிகிறது. இப்போது ஒரு டாக்டர் "சாவியால் கெடுதல் ஒன்றுமில்லையே" என்கிறார். இருக்கிறது சார். சாவி கொடுத்தாச்சு, கடமை முடிந்தது என்று எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு விலகி நிற்கிறார்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிட வேண்டும். அந்தக் கூட்டத்தில் மணி பார்த்தது யார்?

எல்லோருக்கும் முதலுதவி தெரியுமா என்று ஒரு அண்ணன் கேட்கிறார். தெரியாதுதான் அண்ணா. தெரியாதென்றால் சும்மா பக்கத்தில் உட்காருங்கள், தலைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். அது போதும்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று தோன்றும். 1999 வரை இந்து திருமணச் சட்டமே வலிப்பைப் பைத்தியத்தோடு சேர்த்து, இவர்களுக்குத் திருமணத் தகுதியில்லை என்றது. சட்டத்திலிருந்து எடுத்தாயிற்று, தரகர் நோட்டிலிருந்து எடுக்கவில்லை. பூ வைக்க நாள் குறித்த பிறகு என்னைப் பார்த்த வீட்டார் ஃபிரிட்ஜ் மேல் இருந்த தம்பியின் மாத்திரை டப்பாவைப் பார்த்தார்கள். "ரத்தத்தில் ஓடுமோ?" என்று என்னிடமே கேட்டார்கள். தம்பி உள்ளறையில் இருந்தான். கதவு திறந்துதான் இருந்தது.

அவனுக்குக் கடைசியாக வலிப்பு வந்து ஏழு வருடம் ஆகிறது, அது நின்றதற்கு மாத்திரைதான் காரணம். முறையான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை இப்படி வலிப்பு வராமல் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை யாரும் எனக்கு ஃபார்வர்டு செய்வதில்லை.

அப்புறம், கடைசியாக அவன் ரோட்டில் விழுந்தபோது யாரோ கையில் திணித்த பைக் சாவி இன்னும் எங்கள் வீட்டு டிராயரில் கிடக்கிறது. சிவப்பு பிளாஸ்டிக் பிள்ளையார் கோத்தது. உங்களுடையது என்றால் இன்பாக்ஸில் வாருங்கள், கொடுத்துவிடுகிறேன்.